ஒன்பதாம் வருசம்

கண்ணிவெடி எடுக்க வந்த பெட்டையள்
காணியின் வடக்கு மூலையில் வெள்ளைத் தடி ஊன்றி
ஒரு நாள் முழுக்கக் கிண்டினார்கள்.
பின்னேரம் ஒருத்தி முகக்கவசத்தைத் தூக்கினாள்:
"அக்கா, இது வெடிக்காது. கார்."

கார் என்று சொல்லலாமோ தெரியாது.
பனங்குற்றி போதாமல்
யாரோ பங்கருக்கு மேல் கவிழ்த்துப் போட்ட அடிச்சட்டம்.
அதன் மேல் மண்மூட்டை, மண்மூட்டை மேல் புல்.
முன்னுக்குப் பச்சை பிடித்த றேடியேற்றர்.
நகத்தால் சுரண்டினேன்.
மஞ்சள்.

யாருடைய பங்கர், யாருடைய கார்,
ஒருவரும் கேட்டு வரவில்லை.
தகட்டில் பெயர் தேய்ந்து
இரண்டு எழுத்தும் ஓர் ஆண்டும்தான் மிச்சம்:
ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினொன்று.

நான் ஆடைத் தொழிற்சாலையில்
தையல் மெஷின் திருத்துகிறவள்.
ஊசி ஒரு மயிரளவு விலகினாலும்
சத்தத்தில் பிடித்துவிடுவேன்.
இதற்குச் சத்தமே இல்லை.
முதல் இரண்டு வருசமும்
டீசலில் ஊறிய நட்டுகளோடு போனது.
ஒரு சம்பளத்துக்கு ஒன்று அசைந்தால் பெரிது.

வெல்டர் கனிஸ்ரன் ஞாயிறுகளில் வருவான்,
முள்ளியவளையிலிருந்து, பூசை முடிந்த வெள்ளைச் சேட்டோடு.
அதைக் கழற்றிக் கொடியில் கொழுவிய பிறகுதான் பேச்சு.

சில்லுக்கு மரக்கால்.
சில்லொன்றுக்குப் பன்னிரண்டு, மொத்தம் நாற்பத்தெட்டு.
முதிரை தறிக்க அனுமதி இல்லை.
ஒட்டுசுட்டானில் விழுந்த வீடொன்றின் கூரைவளையை வாங்கினோம்.
உள்ளே ஒரு சன்னம் இருந்திருக்கிறது.
வாளில் மூன்று பல்லுப் போன பிறகு தெரிந்தது.

பிறகு விளக்கு. ஒன்றுக்கு வளையம் இல்லை.
பழைய இரும்புக்காரன் சாக்கை அவிழ்த்துக் கொட்டினான்:
துவக்குக் கோது.
"அசல் பித்தளை, குறைச்சுத் தாறன்."
"உருக்கினால் எல்லாம் மஞ்சள்தானே" என்றான் கனிஸ்ரன்.
நான் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டேன்.
ஐந்து மாதம் ஒற்றைக் கண்ணோடு நின்றது.

கடைசியில் வயல் மோட்டரின்
வெடித்த புட்வால்வைக் கொடுத்தேன்.
வளையமாகி வந்தபோது
கொடுத்ததிலும் நிறை கூட.
அவன் சொல்லவில்லை.
நான் தராசைத் திரும்ப எடுக்கவில்லை.

கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார்.
கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே
"இதில் அசல் எத்தனை வீதம்?" என்றார்.
என் காணி உறுதி பிரதி.
பிறப்புச் சான்றிதழ் பிரதி.
கலியாணப் படம் தம்பியின் போனிலிருந்து எடுத்தது.
காரிடம் மட்டும் என்னத்தைக் கேட்கிறது?
அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தேன்.

காபைட் மாங்குளத்தில் கிடைத்தது,
வாழைக்குலை வியாபாரியிடம், பேப்பரில் சுற்றி.
"பழுக்க வைக்கவோ?"
"ஓம்."
அன்றிரவு தண்ணீர் சொட்டச் சொட்ட
உள்ளி மணத்தோடு விளக்கு எரிந்தது.
பக்கத்து வளவு நாய் குரைத்தது.
வெளிச்சம் பாலைமரத்தைத் தாண்டி
அந்த மூலை வரை போனது.
அங்கே இப்போது கத்தரி நிற்கிறது.

ஒன்பதாம் வருசம் ஆனி, ஒரு ஞாயிறு.
கனிஸ்ரன் முன்னால் குனிந்து கைபிடியைச் சுற்றினான்.
நான்காம் சுற்றில் ஒரு இருமல்.
இன்னொன்று.
அவன் சிரிக்கத் தொடங்கினான்.
கைபிடி திருப்பி அடித்தது.

முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போனோம்.
"என்ன நடந்தது?"
"கார் அடிச்சது, டொக்டர்."
"என்ன வேகத்தில் வந்தது?"
"வரேல்லை. நிண்டது."

இரண்டாம் நாள் இரவு போன்:
"றூபி, பொறியைப் பின்னுக்கு இழுத்து வைச்சனியோ?"
இழுக்கவில்லை.
ஒன்பது வருசம் பொறுத்தவள்
ஒரு நெம்பை மறந்துபோனேன்.
மறுமுனையில் அவன் மூச்சு விடுவது கேட்டது.
"சரி. ஆறு கிழமை. அதுக்குள்ள நீ பெல்ற்றைப் பார்."

கொப்பியில் திகதி போட்டு எழுதினேன்:
இருமல் இரண்டு.
புகை நீலம்.
மணிக்கட்டு ஒன்று.